செயின்சாவில் செயினுக்கு ஆயில் வரவில்லையா? பம்பை மாற்றும் முன் பாரைக் கழற்றுங்கள்

கேள்வி: எங்கள் தோப்பு பேராவூரணி பக்கம். கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க வாங்கிய செயின்சா இருக்கிறது. இப்போது அறுத்தால் செயின் காய்ந்து புகைகிறது, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனி நீலமாகிவிட்டது. ஆனால் ஆயில் டேங்க் குறைவதே இல்லை. 'பம்ப் போய்விட்டது, செட்டாக மாற்ற மூவாயிரம் ஆகும்' என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். முதலில் அந்த மெக்கானிக் எப்படிச் சோதித்தார் என்று கேளுங்கள். மெஷினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, 'பாருங்கள், ஒரு சொட்டுகூட வரவில்லை' என்று காட்டியிருந்தால் அது சோதனையே இல்லை. பல மெஷின்களில் ஆயில் பம்பைச் சுற்றுவது, செயினை ஓட்டும் கிண்ணம் போன்ற கிளட்ச் டிரம். செயின் ஓடினால்தான் டிரம் சுற்றும், டிரம் சுற்றினால்தான் பம்ப் வேலை செய்யும். ஐடிலில் செயின் நிற்கும், ஆயிலும் நிற்கும். அது கோளாறு அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வேறு சில மெஷின்களில் பம்ப் நேராக இன்ஜினின் கிராங்கில், அதாவது எப்போதும் சுற்றும் தண்டில் இருக்கும். அவற்றில் ஐடிலிலும் ஆயில் கசியும். பக்கத்துத் தோப்புக்காரர் மெஷினில் ஐடிலில் வருகிறது, நம்முடையதில் வரவில்லை என்று பயப்படாதீர்கள். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுக் காசு வாங்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரியான சோதனை இதுதான். ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, பார் நுனியை அதற்கு ஒரு சாண் மேலே பிடித்து, பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டுங்கள். நுனி தரையில் படவே கூடாது. சில நொடிகளில் தாளில் ஆயில் கோடு விழ வேண்டும்.

விழவில்லையென்றால் மெஷினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் கேப்பை எடுத்துவிட்டு, பாரையும் செயினையும் கழற்றுங்கள். தென்னை நாரும் தூளும் ஆயிலோடு கலந்தால் பசை மாதிரி இறுகிவிடும். பாரை மெஷினில் மாட்டும் முனையில், ஆயில் நுழைய மேலும் கீழும் ஒவ்வொரு சின்ன ஓட்டை உண்டு. இரண்டையும் மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். செயின் ஓடும் காடியை உடைந்த ஆக்சா பிளேடால் சுரண்டுங்கள். மெஷின் உடம்பில் ஆயில் வெளிவரும் துளையையும் துடையுங்கள். திரும்பப் போடும்போது பாரை மேல் கீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

ஆனால் போடுவதற்கு முன் ஒரு வேலை. பார் இல்லாமலே பிளக் கேப்பை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டர் கொடுத்து மெஷின் உடம்பிலுள்ள அந்தத் துளையைப் பாருங்கள். கிளட்ச் பக்கம் கையோ கைலியோ போகவே கூடாது. ஆயில் ஊறி வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, குறை பாரில்தான். உங்கள் மூவாயிரம் மிச்சம்.

வரவில்லையென்றால் அடுத்து ஆயில் டேங்கைப் பாருங்கள். உள்ளே டியூப் முனையில் சின்ன ஃபில்டர் கிடக்கும். வளைந்த கம்பியால் இழுத்து பெட்ரோலில் கழுவுங்கள். டியூப் வெடித்திருந்தால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். கொஞ்ச நேரம் வந்து நின்றுபோய், மூடியைத் திறந்தால் மறுபடி வருகிறதா? அப்படியானால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு வரவில்லையென்றால்தான் கிளட்ச்சைக் கழற்ற வேண்டும். அது லெஃப்ட் திரெட். கடிகார முள் சுற்றும் பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் சுத்தியலால் அடித்து உடைத்தவர்கள் உண்டு. உள்ளே பம்பைச் சுற்றும் சின்னப் பல் சக்கரமான வார்ம் கியர் பிளாஸ்டிக்காக இருந்தால் பெரும்பாலும் அதன் பல்தான் தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், செட் வேண்டாம்.

அப்புறம் ஆயில். லாரி பட்டறையில் வடித்த கருப்பு ஆயிலைக் கேனில் ஊற்றி 'செயின் ஆயில்' என்று விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதிலிருக்கும் இரும்புப் பொடி பம்பையும் பாரையும் அரைக்கும், உங்கள் தோலிலும் தோப்பு மண்ணிலும் தெறிக்கும். செயினுக்கும் பாருக்கும் என்றே விற்கும் பார் ஆயில் பிசுபிசுப்பானது, செயினை விட்டுச் சிதறாது. அது கிடைக்காத அன்றைக்குப் புது 40 நம்பர் இன்ஜின் ஆயில் பரவாயில்லை. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயிலும் ஏறக்குறையத் தீர வேண்டும். அப்போதும் ஆயில் டேங்க் நிறைந்தே இருந்தால் அறுப்பதை நிறுத்துங்கள்.

2018 நவம்பர் 16-க்குப் பிறகு டெல்டாவில் தெருவுக்குத் தெரு இந்த மெஷின்கள் விற்றன. விழுந்த மரத்தை அகற்றினால்தான் அடுத்த கன்று என்ற அவசரத்தில் கடன் வாங்கி வாங்கினார்கள். தமிழில் ஒரு தாள் குறிப்புகூடக் கொடுக்கவில்லை, உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. மானியத்தில் மெஷின் கொடுக்கிறவர்களும் ரிப்பேரைப் பற்றி யோசிப்பதில்லை. விவசாயி ஒரு சின்னப் பல் சக்கரத்துக்காகப் பட்டுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் அலைகிறார். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

அதனால் வார்ம் கியர் வாங்கப் போகும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் பல மெஷின் வந்திருக்கிறது. கழற்றிய கியரைக் கையோடு எடுத்துப்போய், பல்லோடு பல் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.