அம்மாவின் பாஸ்புக்கில் குறைந்த 412 ரூபாய்

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் துவாஸில் கம்பி கட்டும் வேலை செய்கிறேன். அம்மா புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். பேங்க் 14 கிலோமீட்டர் தள்ளி. பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவைதான். அம்மா கணக்கில் மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் விழும். போன மாதம் அதில் 412 ரூபாயைப் பிடித்துவிட்டார்கள். கேட்டதற்கு 'மினிமம் பேலன்ஸ் இல்லை' என்றார்களாம். ஊரில் கைரேகை வைத்துப் பணம் தரும் பையன் ஆயிரத்துக்கு 20 ரூபாய் எடுத்துக்கொள்கிறான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசாமல் மளிகைக் கடைக்காரர் கணக்குக்கே பணத்தை அனுப்பி, அவரிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லட்டுமா?
— வாசகர், துவாஸ் தங்கும் விடுதி

பதில்: மளிகைக் கடைக்காரர் வேண்டாம் தம்பி. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனாலும் தன் பிள்ளை அனுப்பிய பணத்துக்கு அம்மா இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டும்; கடைப்பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதிதான் கைக்கு வரும். தேக்காவில் பணம் அனுப்பும் முகப்பில் 22 ஆண்டு உட்கார்ந்திருந்தவள் நான். "யார் பெயருக்கு?" என்று கேட்டால் கடைக்காரர், பங்காளி, பக்கத்து வீட்டு வாத்தியார் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். அதில் சிலர் ஆறு மாதம் கழித்து முகம் வாடி வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். அம்மா பெயரில் கணக்கு இருக்கிறது. அதைச் சரி செய்வோம்.

முதலில் அந்த 412 ரூபாய். அம்மாவுக்கு யாரோ சாதாரண சேமிப்புக் கணக்கைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு வேண்டியது 'அடிப்படை சேமிப்புக் கணக்கு'. ரிசர்வ் வங்கி 2005-இல் ஏழைகளுக்காகக் கொண்டுவந்த கணக்கு இது; 2012-இல் இந்தப் பெயருக்கு மாறியது. இதில் ஒரு ரூபாய்கூட மீதி வைக்க வேண்டியதில்லை. ஏடிஎம் அட்டை இலவசம். மாதம் நான்கு தடவையாவது கட்டணம் இல்லாமல் பணம் எடுக்கலாம். எல்லாருக்கும் வங்கிக் கணக்கு என்று மத்திய அரசு 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய ஜன்தன் கணக்கும் இதே வகைதான்.

பழைய கணக்கை மூட வேண்டாம். எழுதிக் கொடுத்தால் அதையே அடிப்படைக் கணக்காக மாற்றித் தர வேண்டும். இந்த மூன்று வரியை யாரையாவது எழுதச் சொல்லி அம்மா கைநாட்டு வைத்தால் போதும்:

"மேலாளர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வங்கியில் எனக்கு வேறு சேமிப்புக் கணக்கு இல்லை. பிடித்த அபராதத்துக்கு முன்னதாக எனக்குத் தகவல் தரவில்லை; அந்தத் தொகையைத் திருப்பித் தரவும்."

இரண்டு படி எழுதச் சொல்லுங்கள். ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். மீதி குறைந்தால் முதலில் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் போட்டே கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது. 2015 ஏப்ரல் முதல் இருக்கும் விதி இது. 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை தொடங்கியபோதே சில வங்கிகள் அதில் கைவைத்து, தமிழக அரசு கண்டிக்க வேண்டி வந்தது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. அதற்கு அந்த முத்திரை போட்ட தாள்தான் ஆதாரம்.

அடுத்து கைரேகைப் பையன், அதாவது வங்கியின் ஊர் முகவர். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வங்கி தரும் கமிஷன் சொற்பம். அவன் கடையை மூடினால் அம்மாவுக்கு மறுபடி 14 கிலோமீட்டர்தான். ஆனால் வாடிக்கையாளரிடம் அவன் நேரடியாகக் காசு வாங்க அனுமதி இல்லை. அதை வங்கியில் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், அவன் "ரேகை விழலை ஆத்தா, இன்னொரு தடவை வை" என்று சொல்லும் நொடி. சில இடங்களில் முதல் தடவையே பணம் போயிருக்கும். இரண்டாவது தடவை விரல் வைக்கும் முன் முதல் தடவைக்கான சீட்டைக் கேட்க வேண்டும். 'தோல்வி' என்று அச்சாகி வந்தால் சரி.

களை எடுத்துத் தேய்ந்த கைகளில் ரேகை விழாமல் போவதும் உண்மை. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு வேறு விரலை வைக்கச் சொல்லுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும், கட்டைவிரல்தான் வேண்டும் என்பதில்லை. கிளை அஞ்சலகத்திலும், இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக, எந்த வங்கிப் பணத்தையும் ஆதார் ரேகை வைத்து எடுக்கலாம். தபால்காரரை வீட்டுக்கு வரச் சொன்னால் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: ஊரில் 50 கோடிப் பேருக்கு மேல் ஜன்தன் கணக்கு இருக்கிறது என்கிறார்கள். இன்னும் ஏன் இந்தப் புலம்பல்?
— வாசகர், அங் மோ கியோ

பதில்: அந்த 50 கோடி பெரிய சாதனைதான் ஐயா. ஒரு கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் வங்கிக் கணக்கு என்பதே 2005-இல் புதுச்சேரி மங்கலத்தில் இந்தியன் வங்கி செய்து காட்டியபோது நாடே பேசிய விஷயம். ஆனால் கணக்கைத் திறப்பது ஒரு நாள் வேலை. அப்புறம் மாதாமாதம் அந்த அம்மா பயமில்லாமல் போய்வர வேண்டுமே!

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கைநாட்டுதான். போஸ்பியில் கணக்கு வைத்திருந்தார். 1877-இல் சிங்கப்பூர் தபால் நிலையத்தில் தொடங்கிய சேமிப்பு வங்கி அது. சின்னத் தொகை போடுகிறவர்களுக்காகவே வந்தது. அப்பாவோடு நானும் போவேன். முகப்பில் ஒருவர் பாஸ்புக்கைத் திருப்பி அப்பா பக்கம் வைத்து, கடைசி வரியில் விரலை ஓட்டி, "இவ்வளவு இருக்கு அண்ணே" என்று தமிழில் சொல்வார். அப்பா வெளியே வந்ததும் அந்தத் தொகையை என்னிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பார். அப்படி ஒருவர் துவாஸ் தம்பியின் அம்மாவுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அதைப் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: பேநவ் வழியாக ஊருக்குப் பணம் அனுப்பலாமாமே? முகப்பில் வரிசையில் நிற்பதைவிட லாபமா?
— வாசகி, பொங்கோல்

பதில்: போன் வழியாகப் பணம் அனுப்பும் சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் 2023 பிப்ரவரி 21 முதல் இணைந்திருக்கின்றன, ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அனுப்பலாம். வாங்குகிறவரின் வங்கி இத்திட்டத்தில் இருக்க வேண்டும், அவர் பெயரில் யுபிஐ முகவரியும் வேண்டும். லாபமா என்பதற்கு, கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். 500 வெள்ளி அனுப்பும்போது, ரூபாயாக மாற்றும் விலையில் வெள்ளிக்கு 30 பைசா குறைத்துக் கொடுத்தால் 150 ரூபாய் போய்விடும். "கடைசியில் ஊரில் எத்தனை ரூபாய் கையில் கிடைக்கும்?" என்று இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கேளுங்கள். அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இல்லையென்றால் பேத்தியின் போனில் யுபிஐ வைக்கும் யோசனை வேண்டாம். நேராக அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள்.