பம்பரத்தின் பெயரில் ஒரு சக்கரம்

கேள்வி: தண்ணீர் டர்பைனைக் கண்டுபிடித்தது யார்? பொது அறிவுப் புத்தகத்தில் ஃபிரான்சிஸ் என்று போட்டிருக்கிறது. என் மகன் பெல்டன் என்கிறான்.
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டு பேருமே அப்புறம் வந்தவர்கள் அம்மா. அவர்களுக்கு முன்பே பிரான்சில் ஒரு வாத்தியாரும் மாணவரும் இருந்தார்கள்.

வாத்தியார் பெயர் க்ளோத் புர்தேன். சாந்தெத்தியேன் ஊர்ச் சுரங்கப் பள்ளியில் பாடம் நடத்தியவர். தண்ணீர் பாய்ந்து சுழற்றும் இந்தச் சக்கரத்துக்கு 1822இல் 'டர்பைன்' என்று பெயர் வைத்ததே அவர்தான். லத்தீனில் 'டர்போ' என்றால் சுழல். பம்பரத்துக்கும் அதே சொல்தான். நல்ல பெயர்! ஆனால் பெயருக்கு ஏற்றபடி ஆலையில் ஓடிக் காட்டியது அவருடைய மாணவர் பெனுவா ஃபூர்னேரோன் செய்த சக்கரம். 1827இல், ஏறக்குறைய 25 வயதில், ஓன்யோன் ஆற்றங்கரையில் 6 குதிரைத்திறன் இயந்திரத்தை ஓட்டினார்.

அதில் என்ன புதுமை? பழைய நீர்ச்சக்கரத்தில் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்யும், சக்கரம் அசைந்து அசைந்து சுற்றும். ஃபூர்னேரோன் தண்ணீரை நடுவில் இறக்கினார். அங்கே அசையாத வளைந்த தகடுகள். அவை தண்ணீரைத் திருப்பி, சுற்றிலும் இருக்கும் சுழல் சக்கரத்துக்குள் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும். சக்கரத்தின் தகடுகள் எதிர்ப்பக்கம் வளைந்தவை. தண்ணீர் மோதாமல் நுழைந்து, வேகத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, சோர்ந்துபோய் வெளியேறும். தண்ணீரின் ஆற்றலில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்டுக்கு வந்தது.

அசையாத அந்தத் தகடுகளை நாங்கள் 'கைடு வேன்' என்போம். நீர்மின் நிலையத்தில் மெக்கானிக்காக இருந்த காலத்தில், ஓவர்ஹாலுக்குத் தண்ணீரை வடித்த பிறகு டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து போய் அவற்றின் விளிம்பைக் கையால் தடவிப் பார்ப்பேன். மணல் அரித்த இடம் விரலுக்குத்தான் முதலில் தெரியும். சுழல்கிற சக்கரத்தை, அதாவது ரன்னரைத்தான், எல்லோரும் படம் எடுப்பார்கள். சும்மா நிற்கிற இதை யாரும் கண்டுகொள்வதில்லை.

1833இல் ஃபூர்னேரோனுக்கு 6,000 பிராங்க் பரிசு கிடைத்தது. 1837இல் ஜெர்மனியின் கருங்காட்டில், சாங்க்ட் பிளாசியன் நூற்பாலைக்கு ஒரு டர்பைன் செய்தார். 100 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து தண்ணீர். சக்கரத்தின் குறுக்களவு ஒரு அடிதான், எடை ஏறக்குறைய 18 கிலோ. நிமிடத்துக்கு 2,300 சுற்று, 60 குதிரைத்திறன். தோளில் தூக்கிப்போகிற எடையில் ஒரு ஆலைக்கான சக்தி!

பிறகு ஏன் அவர் பெயர் மறைந்தது? தண்ணீர் நடுவிலிருந்து வெளியே பாய்வதில் ஒரு தொல்லை. சுமை குறைந்து சக்கரம் வேகமெடுத்தால், அதுவே இன்னும் தண்ணீரை வெளியே இழுக்கும், அடக்குவது கஷ்டம். தண்ணீர் குறைந்தாலோ திறன் சரியும். 1849 வாக்கில் அமெரிக்காவின் லோவெலில் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் வெளியிலிருந்து உள்ளே பாயும் வகையை அளந்து, கணக்குப் போட்டுச் செம்மைப்படுத்தினார். புத்தகம் சொல்வது இவரைத்தான். ஆனாலும் 1895இல் நயாகராவில் மின்சாரம் எடுத்த 5,000 குதிரைத்திறன் டர்பைன்கள் ஃபூர்னேரோன் வகைதான். அவர் இறந்து அப்போது 28 வருஷம்.

மகன் சொன்ன பெல்டன் கலிபோர்னியா தங்கச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்தவர், காப்புரிமை வாங்கியது 1880இல். மிக உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு அவர் சக்கரம்தான் சரி. 1932இல் தொடங்கிய நம் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்தில் வைத்ததும் அதுவே.