ஆண்டுக்கு எட்டு மாதம்தான் அகழாய்வு: கடன் வாங்கிப் படிக்கலாமா?

கேள்வி: கட்டுமானத்துக்கு முன் நடக்கும் அகழாய்வுகளில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். வயது 29. வருடத்தில் எட்டு மாதம்தான் வேலை. சேமிப்பை ரியல் எஸ்டேட் பங்குகளில் போட்டுவிட்டு, கடன் வாங்கி முதுகலை படிக்க நினைக்கிறேன். சரிதானா?

பதில்: பங்கு வேண்டவே வேண்டாம். உங்களுக்குச் சம்பளம் வருவதே கட்டுமானத்தால்தான். சாலையோ அடுக்குமாடியோ வந்தால்தான் அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க ஆள் எடுப்பார்கள். 2008 நெருக்கடியில் அயர்லாந்தில் கட்டுமானம் படுத்தபோது தொல்லியல் வேலைகளும் கூடவே போயின. அதே துறையின் பங்கை வைத்திருந்தால், வேலை போகும் சமயத்திலேயே சேமிப்பும் கரையும்.

அடுத்து, வரவு-செலவு. களத்தில் மாதம் 100 வருகிறது, செலவு 55 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதத்தில் 360 மிஞ்சும். இதைச் சேமிப்பு என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேலையில்லாத நான்கு மாதத்துக்கு 220 போய்விடும். மிச்சம் 140தான் உங்களுடையது. அவசரகால நிதியாக ஆறு மாதச் செலவு, அதாவது 330 வேண்டும். இப்போதுள்ள சேமிப்பை முதலில் அதற்கு ஒதுக்கி, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய வைப்பில் போடுங்கள். அந்த 100-இல் தினப்படியைச் சேர்க்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்த அன்றே அது நின்றுவிடும்.

கல்விக் கடனைப் பொறுத்தவரை, அடுத்த படிக்குப் பட்டம் கட்டாயமா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் தகுதி விதி முதுநிலைப் பட்டத்தைக் கேட்கிறது. அங்கே அகழாய்வுக்குத் தலைமை தாங்க நினைப்பவருக்குக் கடன் நியாயமான முதலீடு. அப்படிக் கட்டாயமில்லாத இடத்தில் பொதுவான தொல்லியல் பட்டத்தைவிட, பானை ஓடு வகைப்படுத்தல், எலும்பு ஆய்வு, ஜிஐஎஸ் (கணினியில் இடத் தகவல்களைக் கையாளும் முறை) வரைபடம் இவற்றில் ஒன்றைக் குறுகிய காலப் பயிற்சியாகக் கற்பது மலிவு. குழியை மூடிய பிறகும், கிடைத்த பொருட்களைக் கழுவுதல், எண்ணிடுதல், வரைதல், அறிக்கை எழுதுதல் என்று உள்ளறை வேலை மாதக்கணக்கில் நீளும். அந்த வேலை கிடைத்தால் நான்கு மாத ஓட்டை சுருங்கும். எப்படியும் கடன் வாங்குவதானால், மாதத் தவணையை 100-ஐ வைத்துப் பார்க்காமல், எட்டு மாத வருமானமான 800-ஐப் பன்னிரண்டால் வகுத்து வரும் ஏறத்தாழ 66-ஐ வைத்தே முடிவு செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: முழங்காலும் இடுப்பும். மண்டியிட்டுக் கொத்துக்கரண்டியால் சுரண்டும் வேலையில் இவை இரண்டும்தான் முதலில் தேயும். வருமான இழப்புக் காப்பீடு எடுக்கும்போது, ‘எந்த வேலையும் செய்ய முடியாவிட்டால்’ என்று இருக்கும் பாலிசியை விட்டுவிட்டு, ‘சொந்தத் தொழிலைச் செய்ய முடியாவிட்டால்’ பணம் தரும் பாலிசியைத் தேடுங்கள்.