மீன் பெட்டி ஏற்றிய வண்டியை வாங்கினால்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: பாம்பனில் மீன் பெட்டி ஏற்றி ஓடிய 2013 மாடல் 100 சிசி பைக் வாங்கினேன். காலையில் பத்து உதை உதைத்தால்தான் கிளம்புகிறது. ஹாரன் முனகுகிறது, ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்குகிறது. இன்ஜினை இறக்கி, போர் பண்ணி (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து) பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
(தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு இன்ஜினில் கை வைக்க வேண்டாம். போர் தேய்ந்திருந்தால் வண்டி சூடான பிறகும் முறுக்கும்போது நீலப் புகை வரும். ஆயில் மட்டம் சீக்கிரம் இறங்கும். கிக்கர் மிதிக்கக் கனமே இருக்காது. இவை இல்லையென்றால் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் வேறு.

ஹெட்லைட்டை விடுங்கள். இந்த வகைப் பழைய வண்டிகள் பலவற்றில் அது பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜின் சுழலும்போது கரண்ட் தரும் மேக்னட் காயிலிலிருந்து நேராக வரும் ஏசி கரண்டில் எரிகிறது. ஐடிலிங்கில் மங்கத்தான் செய்யும். ஹாரன்தான் துப்பு, அது பேட்டரியில் ஓடுவது. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.5 வோல்ட்டாவது காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து முறுக்கினால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றதும் ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்துவது) வாங்க ஓடாதீர்கள். ஐஸ் தண்ணீர் சொட்டிய வண்டியில் முதலில் கெடுவது எர்த் ஒயரும் கப்ளர்களும் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள்) தான். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சீட்டையும் டேங்கையும் எடுத்து, ஒவ்வொரு கப்ளரையும் பிரித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பின் அரித்துப்போயிருந்தால் கப்ளரையே மாற்றுங்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசுங்கள்.

அடுத்து பெட்ரோல். கார்புரேட்டரின் அடி ஸ்குரூவைத் தளர்த்தி, வடிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள் (பீடி பற்றவைத்தவர் யாரும் பக்கத்தில் வேண்டாம்). அடியில் தண்ணீர் தனியாக நின்றால் டேங்க் மூடியைப் பாருங்கள். பல வண்டிகளில் மூடியைச் சுற்றி ஒரு வடிகால் துளை உண்டு. அது மண் அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கி டேங்கை அரிக்கும். டேங்கை வடித்துக் காயவைத்து, பெட்ரோல் காக்கின் வலையைக் கழுவுங்கள். கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டுக்குக் கிளீனரும் காற்றும் போதும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும். பட்டறையில் பக்கத்தில் நின்று தடுக்க வேண்டியது இதைத்தான். காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்குரூவைக் கழற்றும் முன், அது உள்ளே எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.8 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

ஸ்டார்ட்டிங்கைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை: பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம். அதில் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடம், சேஸிஸில் கேரியர் போல்ட், நடு ஸ்டாண்டு பிடிக்கும் இடம் ஆகியவற்றை ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் பொத்துக்கொண்டு போனால் அதை மாற்றியே ஆக வேண்டும். ஒட்டு வைத்து ஓட்டுவது ஆபத்து. மேல் துரு என்றால் ஒயர் பிரஷ், பிறகு ரெட் ஆக்சைடு, பிறகு பெயின்ட். கேரியருக்கு வெல்டிங் வைத்தால் பேட்டரியையும் சிடிஐ (பிளக்குக்கு ஸ்பார்க் தரும் பெட்டி) கப்ளரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பின் பிரேக்கை மிதித்தால் பெடல் திரும்பி வருவதில்லை. ஸ்பிரிங் மாற்றியும் அப்படியே.
(தொண்டி வாசகி)

பதில்: பிரேக் பிளேட்டில் ஓடும் கேம் (பிரேக் ஷூவை விரிக்கும் தண்டு) உப்பில் இறுகியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றுங்கள். வெளியே உள்ள லீவர் கேமில் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று பொட்டு வைத்துக்கொண்டு, கேமை உருவி, உப்புத்தாள் போட்டு, மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். கிரீஸ் பிரேக் ஷூவில் பட்டால் பிரேக் பிடிக்காது. உள்ளே உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: டிஎன் 65 வண்டி. சேஸிஸ் நம்பர் துருவில் மறைந்துவிட்டது. பெயர் மாற்ற முடியுமா?
(கீழக்கரை வாசகர்)

பதில்: கிரைண்டர் பக்கம் போகாதீர்கள், எண்ணைத் தேய்த்ததுபோல் தெரிந்தாலே சந்தேகம் வரும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு இரவு சுற்றிவைத்து, காலையில் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் எண் தெரியும். அப்புறம் கிரீஸ் பூசிவிடுங்கள். எண் அழிந்தே போயிருந்தால் ஆர்டிஓ ஆபீஸில் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பெயரை மாற்ற 14 நாள். அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கேள்வி: தனுஷ்கோடி போய் வந்தால் வண்டியை எப்படிக் கழுவுவது?
(மண்டபம் வாசகர்)

பதில்: அன்றைக்கே கழுவுங்கள். போர்வெல் தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் கடைசி இரண்டு வாளியாவது குடிதண்ணீர் ஊற்றுங்கள். பிரஷர் பைப்பை வீல் பேரிங் மேலும் ஸ்விட்ச் மேலும் காட்ட வேண்டாம். டீசல் ஸ்பிரேயும் வேண்டாம்: மணல் ஒட்டும், ரப்பர் ஊதும். செயின் காய்ந்ததும் ஆயில் விட்டு, தொய்வு 20 முதல் 30 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.