நார்வே ஏன் இவ்வளவு அகலமாகத் தெரிகிறது?

கேள்வி: ‘நேச்சுரல் எர்த்’ எல்லைக்கோட்டுத் தரவைக் கொண்டு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நார்வே நாட்டின் வரைபடத்தை உருவாக்கினேன். நாடு கிழக்கு மேற்காக இழுபட்டதுபோல் தெரிந்தது. ‘ஏரியா’ கட்டளையால் பரப்பளவைக் கணக்கிட்டபோது நூறைக்கூட எட்டாத எண் வந்தது. லேயரின் (வரைபட அடுக்கின்) ஆயத்தொலை அமைப்பை, மீட்டரில் அளக்கும் ‘யூடிஎம் 33’ என மாற்றியதும் வரைபடமே மறைந்துவிட்டது. எங்கே தவறு செய்தேன்?

பதில்: உங்கள் தரவில் பிழை இல்லை. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளாகப் பதிவாகியிருக்கிறது. ஓர் அட்சரேகைப் பாகையின் நீளம் எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர்தான். ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், 60ஆம் பாகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை அதில் பாதியாகிவிடுகிறது. இரண்டையும் சம நீளமாக எண்ணித் திரையில் வரையும்போது, 58 முதல் 71 பாகை வரை நீண்டு கிடக்கும் நார்வே இரு மடங்குக்கும் மேல் அகலமாகத் தெரிகிறது. நீங்கள் பெற்ற பரப்பளவும் சதுரப் பாகையில் வந்த எண்ணே; அதற்கு நிலத்தில் பொருள் ஏதுமில்லை.

யூடிஎம் 33ஐத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. நார்வே முழுவதையும் ஒரே படத்தில் காட்ட அந்நாட்டவரே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தவறு, மாற்றிய வழியில் இருக்கிறது. தொடக்கநிலையில் பெரும்பாலோர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். லேயரின் ஆயத்தொலை அமைப்பைக் குறிக்கும் கட்டளை, எண்களைத் தொடுவதில்லை. அந்த எண்களை எப்படிப் படிக்கவேண்டும் என்று மட்டும் மென்பொருளுக்குச் சொல்கிறது. ஆகவே 4 முதல் 31 வரையிலான தீர்க்கரேகைப் பாகைகளை அது மீட்டர்களாகப் படித்து, நார்வேயின் பெருநிலத்தை 27 மீட்டர் அகலத் துணுக்காக்கி, ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், பூமத்தியரேகையை ஒட்டி வைத்துவிட்டது. உங்கள் வரைபடம் மறையவில்லை, அங்கேதான் இருக்கிறது!

முதலில் லேயருக்கு அதன் பழைய அமைப்பான, பாகைகளில் அளக்கும் டபிள்யூஜிஎஸ் 84ஐத் திருப்பிக் கொடுங்கள். பிறகு ‘ரீபுரொஜக்ட் லேயர்’ கருவியால் யூடிஎம் 33க்கு மாற்றிப் புதிய கோப்பாகச் சேமியுங்கள். எண்களையே மாற்றிக் கணக்கிடுவது அந்தக் கருவிதான்.

பரப்பளவுக்கு மட்டும் வேறு வழி நல்லது. டாலர் குறியுடன் தொடங்கும் ‘ஏரியா’ கட்டளை, புராஜக்ட் அமைப்பில் பூமியின் வடிவத்தைச் சொல்லும் நீள்கோளம் குறிக்கப்பட்டிருந்தால், பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அல்லது பரப்பளவைச் சிதைக்காமல் பூமியைத் தட்டையாகக் காட்டும், ஐரோப்பாவுக்கான சமப்பரப்புப் புரொஜக்‌ஷனான இபிஎஸ்ஜி 3035க்கு மாற்றி அளக்கலாம். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் மட்டும் அளந்துவிடாதீர்கள். 65ஆம் பாகையில் அது பரப்பை ஐந்தரை மடங்குக்கு மேல் பெருக்கிவிடும்.

விடையைச் சரிபார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நார்வேயின் பெருநிலப்பரப்பு ஏறத்தாழ 3,24,000 சதுர கிலோமீட்டர்; ஸ்வால்பார்ட், யான் மாயன் தீவுகளைச் சேர்த்தால் 3,85,000 ஆகும். நேச்சுரல் எர்த் நாடுகள் லேயரில் ஸ்வால்பார்ட் நார்வேயுடன் ஒரே உருவமாகச் சேர்ந்திருப்பதால், பெருநிலம் மட்டும் வேண்டுமெனில் அந்த உருவத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்த பின்னரே அளக்கவேண்டும்.