காற்றைக் கேட்டுத் தேதி குறியுங்கள்

மழைக்காடும் கடலும் சேர்ந்த இடங்களுக்குச் சாகசச் சுற்றுலா போகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஆசிரியர் போன இதழில் ஒரு வரி போட்டார். வந்த கடிதங்களில் பெரும்பகுதி நம்ம ராமநாதபுரம் கரையில் இருந்துதான். ஆச்சரியமில்லை. பனையையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்தே வளர்ந்தவர்களுக்குப் பச்சை மலை கடலில் கால் நனைப்பதைப் பார்க்க ஆசை இருக்காதா? நான் சில காலம் மலேசியாவின் லங்காவித் தீவில் சுற்றுலாப் படகில் வேலை பார்த்தவன், இப்போது மண்டபத்தில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் என்பதால் கடிதக்கட்டு என் பக்கம் தள்ளப்பட்டது.

"டிசம்பர் அரையாண்டு லீவில் ஆறு பேர் மலேசியா போகிறோம். மச்சான் கோலாலம்பூரில் இருக்கிறார். காட்டில் நடக்கணும், அருவியில் குளிக்கணும், கயாக் ஓட்டணும். பெர்ஹெந்தியான் தீவில் அறை ரொம்ப மலிவு என்று ஒருவர் சொல்கிறார். மாமிக்கு 62 வயது, பிள்ளைகளுக்கு 13, 8. அங்கே போகலாமா?" – வாசகி, கீழக்கரை

டிசம்பரில் பெர்ஹெந்தியான் வேண்டாம் தங்கச்சி. அறை ஏன் மலிவு என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழையைக் கொண்டுவரும் வாடைக்காற்று, அதே பருவத்தில் மலேசியாவின் கிழக்குக் கரையிலும் அறைகிறது. பெர்ஹெந்தியான், தியோமான் எல்லாம் அந்தப் பக்கம். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை பெர்ஹெந்தியானில் விடுதிகள் பெரும்பாலும் பூட்டிக்கிடக்கும். படகு ஓடினாலும் அலையில் ஏறி இறங்கி மாமிக்கு இடுப்பு போய்விடும்.

அதற்குப் பதில் லங்காவிக்குப் போங்கள். அது மேற்குக் கரையில் இருக்கிறது. நடுவில் மலைத்தொடர் நின்று காற்றை மறிப்பதால் அந்தப் பக்கம் கடல் அடங்கியிருக்கும். வாடை அடிக்கிற நாளில் பாம்பன் பாலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள்: வடகடல் குமுறும், மறுபக்கம் தென்கடல் படுத்துக்கிடக்கும். அதே கணக்குதான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த மாதம் காற்று எங்கிருந்து வருகிறது, நாம் போகும் கரை அதற்கு முகம் காட்டுகிறதா, முதுகு காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. அங்கிருந்து லங்காவிக்குச் சுமார் ஒரு மணி நேரம்.

கயாக்குக்குக் கிளிம் பக்கம் போங்கள். சுண்ணாம்புக்கல் மலைகள் தண்ணீரில் இருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும், அடியில் அலையாத்திக் காடு. 2007ல் யுனெஸ்கோ இந்தத் தீவை உலகப் புவிப்பூங்கா ஆக்கியதற்கு இந்தப் பாறைகளும் ஒரு காரணம். மோட்டார் படகுக்காரர்கள் சிலர் கோழித்தோலைத் தண்ணீரில் வீசிக் கழுகுகளை வரவழைத்துக் காட்டுவார்கள். பிள்ளைகள் கைதட்டும், ஆனால் வேட்டையாடித் தின்னும் பறவையைக் கெடுக்கிற வேலை அது. தீனி போடாத படகுதான் வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். கயாக்கில் போனால் இந்தத் தொல்லையே இல்லை. ஓடைக்குள் துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். வேர்களுக்கு இடையில் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் டக், டக்கென்று கேட்கும். நீர் வற்றும் நேரத்தில் ஓடையில் தரை தட்டும்; ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டு நேரம் வாங்குங்கள்.

தெலாகா துஜு அருவிக்கு நிறையப் படி ஏற வேண்டும். மாமியைக் கீழ்க்குளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். காட்டு வேலையெல்லாம் காலையிலேயே முடியட்டும், மதியத்துக்கு மேல் மேகம் கட்டிவிடும். அருவியில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் கொட்டித் தீர்த்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

மாமியைக் கயாக்கில் ஏற்றலாமா என்று தனித்தாளில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் அந்த வயதிலும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுக்க முங்குகிறார்கள். மாமிக்கு இரட்டை இருக்கைக் கயாக்கின் முன்சீட்டு, பின்னால் நன்றாக ஓட்டுபவர், அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள்; காதுவரை ஏறினால் அது அவருக்குப் பெரிது, வேறு கேளுங்கள். பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலில் சுற்றும். முழுக்கை வைத்த நீச்சலுடை எல்லாருக்குமே நல்லது, வெயிலுக்கும் சொறிமீனுக்கும் (ஜெல்லிமீன்) சேர்த்து.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டு அதில் அடங்குமா என்று பாருங்கள். பல பாலிசிகளில் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

"நண்பர்கள் நாலு பேர் ஜூலையில் அந்தமான் போகிறோம், அப்போது டிக்கெட் விலை குறைவு. ஸ்கூபா, ஸ்நார்கெல், பாராடாங் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. கடைசி நாள் காலையில் ஸ்கூபா முடித்துவிட்டு அன்று மதிய விமானத்தில் சென்னை திரும்பலாம் என்று திட்டம். சரியா அண்ணே?" – கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

இரண்டும் சரியில்லை தம்பி. முதலில் மாதம். தென்மேற்குப் பருவமழை மே மாதமே அந்தமானைத் தொட்டுவிடும். ஜூலையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், ஸ்வராஜ் தீவுக்குப் (பழைய பெயர் ஹேவ்லாக்) போகும் கப்பல் சில நாள் ரத்தாகும், தண்ணீர் கலங்கிப் பார்வை குறையும். மிச்சம் பிடித்த டிக்கெட் பணத்தை விடுதி அறையில் சீட்டு விளையாடித் தீர்க்க வேண்டியதுதான். பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது கடைசி நாள். ஸ்கூபாவில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது, அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்கு முன்னால் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறைவதால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழி கட்டும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். ஒரே ஒரு முறை முங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை முங்கினால் 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். ஒரு முழுநாள் விட்டால் கணக்கே வேண்டாம்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஸ்வராஜ் தீவில் ஸ்கூபா, எலிஃபன்ட் கடற்கரையில் ஸ்நார்கெல். விமானத்துக்கு முந்தைய நாள் பாராடாங். அலையாத்திக் கால்வாய் வழியாகச் சுண்ணாம்புக் குகைக்குப் படகு போகும், அருமையான வழி. ஆனால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு வழியாகப் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகத்தான் போகும். அங்கே நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம், அந்த மக்களைப் பாதுகாக்க 1956லேயே சட்டம் வந்துவிட்டது. போனைப் பைக்குள் வையுங்கள். அப்புறம், அந்தமான் ஓடைகளில் உவர்நீர் முதலை உண்டு. காரங்காட்டு ஓடையில் காலைத் தொங்கப்போட்டு உட்காரும் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம்.

மூக்கடைப்போடு முங்க வேண்டாம், காது சவ்வு போய்விடும். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவை மறைக்கிற வேலையும் வேண்டாம்.

"பெரிய செலவு செய்து வெளியே போவதற்கு முன்னால் இங்கேயே பழகிப்பார்க்க முடியுமா? எனக்கு நீச்சல் அரைகுறைதான்." – ஆசிரியை, தொண்டி

நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்து காரங்காடு பக்கம்தானே டீச்சர். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள்: அலையாத்திக் காட்டுக்குள் படகு, கயாக். ஓடைக்குள் அலை கிடையாது, பழக அதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. தீவு பார்க்க வேண்டுமானால் குந்துகாலில் இருந்து குருசடைக்கு வனத்துறைப் படகு போகும். இவை எல்லாமே வானிலையைப் பார்த்துத்தான் ஓடும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அரிச்சல்முனையில் மட்டும் பழகப் பார்க்காதீர்கள். இரண்டு கடலும் சந்திக்கிற இடம், நீவாடு என்கிற நீரோட்டம் காலை இழுத்துவிடும்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை ஒரு சூட்சுமம் இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று நிலத்தில் இருந்து வடகடலைப் பார்த்து வீசும். கரையோரம் தண்ணீர் அலையில்லாமல் கிடப்பதைப் பார்த்துப் புதியவர்கள் துணிந்து துடுப்பு போடுகிறார்கள். போகும்போது சுகமாக இருக்கும், ஏனென்றால் காற்றே தள்ளிக்கொண்டு போகிறது. திரும்பும்போதுதான் தெரியும். அந்த மாதங்களில் விடிந்ததும் இறங்கி ஒன்பது மணிக்குள் கரையேறிவிடுங்கள், ஓடையை விட்டு வெளியே போகாதீர்கள். முதல் பாதியைக் காற்றை எதிர்த்து ஓட்டினால் களைத்த பிறகு காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்.

ஸ்நார்கெலுக்குப் போடும் முகமூடிக் கண்ணாடியைச் சொந்தமாக வாங்குங்கள், ஊர் ஊராக வாடகைக் கண்ணாடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடையிலேயே வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. ஒரு முடி உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும். தலைத்துணி போடுகிறவர்கள் அதன் ஓரம் ரப்பருக்கு அடியில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீசைக்காரர்கள் மீசைக்கு மேல் கொஞ்சம் வாசலின் தடவுவார்கள். புதுக் கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கும், பற்பசை வைத்து உள்பக்கம் தேய்த்துக் கழுவினால் போய்விடும். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் எச்சில் துப்பித் தடவி அலசினால் போதும். அருவருப்பாக இருந்தாலும் அதுதான் வேலை செய்கிறது.

"அட்டை கடிக்குமாமே! என்ன செய்வது?" – வாசகர், பரமக்குடி

கடிக்கும், வலிக்காது. பிடித்துப் பிய்க்காமல், வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்துங்கள், விட்டுவிடும். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். நீளக் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

"கடற்கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை ஷோகேஸுக்கு எடுத்து வரலாமா?" – வாசகி, உச்சிப்புளி

கூடாது. செத்த பவளமாக இருந்தாலும் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

"படகு ஏறினாலே குமட்டுகிறது. கடற்கரை ஊரில் பிறந்துவிட்டு இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது." – பெயர் வேண்டாம், ஏர்வாடி

மீன்பிடிக்கப் போகிறவர்களிலேயே முதல் நாள் வாந்தி எடுக்காதவர் குறைவு தம்பி, இதில் வெட்கம் என்ன? படகின் நடுவில், கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. டீசல் புகை வரும் பக்கம் வேண்டாம். போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையையோ தொடுவானத்தையோ பாருங்கள். மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லி போதும். பரோட்டாவும் சால்னாவும் கரைக்குத் திரும்பிய பிறகு.