மாமனார் வீட்டுச் சுவரில் இருப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் மாமனார் வீட்டை விற்கப்போகிறோம். முன்கட்டுச் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட குடும்பப் படங்கள். பீரோவில் எங்கள் கல்யாண ஆல்பம் உட்பட ஏழெட்டு ஆல்பங்கள். “எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டுத் தூக்கிப் போடுங்கம்மா, சென்னை ஃபிளாட்டுல எங்க மாட்டுறது?” என்கிறான் மகன். நியாயம்தான், ஆனால் மனசு வரவில்லை. சிலரை யாரென்று எனக்கே தெரியாது. கணவரின் தாத்தா பாட்டி படம் வேறு கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் சொன்னதில் முதல் பாதி சரி. ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். ஆனால் பழசுதான் முதலில் அழியும் என்று நினைத்து எல்லாரும் தாத்தா படத்தில் ஆரம்பிக்கிறார்கள். தாத்தா அவ்வளவு சீக்கிரம் போகமாட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாக நிற்பது வெள்ளி. படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ என்ற ரசாயனம் போக ஸ்டூடியோக்காரர் நன்றாக அலசியிருந்தால் நூறு வருஷம் தாங்கும். (சோம்பேறித்தனமாக அலசியவைதான் மஞ்சளாகி வெளுக்கும்.) கலர் படத்தில் இருப்பது சாயம். 1970களிலும் 80களிலும் போட்ட பல கலர் பிரிண்ட்களில், பீரோ இருட்டில் இருந்தாலும் நீலச்சாயம் முதலில் போய்விடும். அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை, பெண், ஐயர், பந்தல் எல்லாம் ஒரே செம்மண் நிறமாகிக் கிடப்பது அதனால்தான். உங்கள் ஆல்பமும் அந்தக் காலத்தது என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். பசைப் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம் என்றால் இன்னும் சீக்கிரம். அந்தப் பசை படத்தைக் கெடுக்கும்.

தூக்கிப் போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்கேன் செய்கிறவர்கள் முகத்தை எடுத்துக்கொண்டு முதுகை விட்டுவிடுகிறார்கள். ஸ்டூடியோ முத்திரையும் ஊரும் பெரும்பாலும் அட்டையின் அடியிலோ பின்பக்கமோ இருக்கும். கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று பிழைக்கப் போனவர்கள் அங்கே ஸ்டூடியோவில் நின்று எடுத்து ஊருக்கு அனுப்பிய படங்கள் தென்மாவட்ட வீடுகளில் நிறைய. சில குடும்பங்களில் அவர் கடல் தாண்டிப் போனதற்கு அந்த முத்திரையைத் தவிர வேறு சாட்சியே கிடையாது.

குரூப் போட்டோ இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சில படங்களில் ஒருவர் மேல் மட்டும் வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழும், கழுத்தைச் சுற்றித் தீட்டியதுபோல் கோடு தெரியும். படம் எடுக்கும்போது அவர் உயிரோடு இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். வேறொரு படத்திலிருந்து வெட்டியெடுத்து, மனைவி மக்கள் நடுவில் ஒட்டி, டச்சிங் செய்து, மறுபடி எடுத்துத் தருவது பழைய ஸ்டூடியோக்களில் வழக்கமான வேலை. போனில் உள்ள பிரதியில் அந்தக் கோட்டை யாரும் கவனிக்கப் போவதில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்திருக்கிறது, பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு. நாமோ அவற்றைச் சட்டத்தோடு எடைக்குப் போடுகிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள், யார் வீட்டு ஆச்சியோ விலைக்குத் தொங்குவார். பேரம் நடப்பது பெரும்பாலும் தேக்குச் சட்டத்துக்கு.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தை இழுக்கவே கூடாது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். ஒட்டியபடியே கண்ணாடி வழியாக ஸ்கேன் செய்து, அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

மற்றவற்றைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டால் ஒரு பெட்டிக்குள் அடங்கும், இடப்பிரச்சினை பாதி தீர்ந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓரமாக மெத்தென்ற பென்சிலில் பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், முன்பக்கம் வரை பள்ளம் விழும். பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் படங்களில் பென்சில் பிடிக்காவிட்டால் உறைமேல் எழுதி வைக்கலாம். வெயில் படாத சுவரில் நாலைந்தை மட்டும் மாட்டுங்கள். வருகிறவர்கள் “இது யாரு?” என்று கேட்க ஏதாவது வேண்டும். போனைக் காட்டி யாரும் அப்படிக் கேட்பதில்லை.

யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வழிதான் உண்டு. கணவர் பக்கத்தில் இருப்பவர்களிலேயே மூத்தவரை, அத்தையோ பெரிய நாத்தனாரோ, சாவி கைமாறுவதற்குள் வரவழைத்து அந்த முன்கட்டில் உட்கார வையுங்கள். படங்களை ஒவ்வொன்றாக இறக்கி மடியில் கொடுங்கள். போனில் ரெக்கார்டு ஓடட்டும். அது சின்னத் தாத்தாவா, அவர் சகலையா என்று கட்டாயம் சண்டை வரும். அதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.